நிறுத்திவைத்த அப்பாச்சியும் தொங்கும் பிளேடுகளும்

வாசகர் கேள்வி, மார்ச் 2

1/48 அளவில், அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்காக, ஒரு அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டரின் பிளாஸ்டிக் மாடலைக் கட்டி முடித்தேன். இணைப்புக் கோடு எங்கும் தெரியவில்லை, பெயிண்டும் சீராக வந்திருக்கிறது. ஆனாலும் அலமாரியில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தால் பொம்மை மாதிரிதான் இருக்கிறது. எங்கே குறை?

மார்ச் 3

பிளேடுகளில். உங்கள் படத்தைத் திறந்ததும் கண் அங்கேதான் போனது. நான்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கின்றன. தரையில் நிற்கும் ஹெலிகாப்டர் எதுவும் அப்படி இருப்பதில்லை. அப்பாச்சியின் மேல் ரோட்டர், அதாவது மேலே சுழலும் பிளேடுகளின் தொகுதி, நுனிக்கு நுனி 14.63 மீட்டர். அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பிளேடும் 7 மீட்டருக்கு மேல் வெளியே நீள்கிறது, தாங்க அடியில் ஒன்றும் கிடையாது. சுற்றும்போது வெளிப்பக்கம் இழுக்கும் விசைதான் அதை நேராக்குகிறது. கவண் கயிறு சுழற்றும்போது விறைத்து நிற்கிறது, நிறுத்தினால் துவண்டு விழுகிறது இல்லையா, அதே கதைதான். எஞ்சின் நின்றதும் பிளேடு தன் எடையில் தாழ்ந்துவிடும்.

கடையில் பாகங்களாக வரும் மாடல் கிட்டுகளில் பெரும்பாலும் பிளேடை நேராகத்தான் வார்த்துத் தருகிறார்கள். அச்சிலிருந்து எடுக்கவும் பெட்டியில் அடுக்கவும் அதுதான் வசதி. வளைப்பது நம் பொறுப்பு. நான் கட்டிய முதல் மூன்று ஹெலிகாப்டர்களிலும் இது எனக்குத் தெரியாது. என்னவோ இடிக்கிறது என்று மட்டும் தோன்றும். எதை மாற்றுவது என்று தெரியாமல் பெயிண்டையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. வளைக்கும் முன் பிளேடு சரியான பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தடித்து உருண்ட விளிம்பு முன்னே போகும், மெலிந்த விளிம்பு பின்னே வரும். அப்பாச்சி, கோப்ரா போன்ற அமெரிக்க ஹெலிகாப்டர்களை மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ரஷ்ய மி-24 கடிகாரத் திசையில் சுற்றும். ஒன்றைக் கட்டிய பழக்கத்தில் மற்றதைக் கட்டும்போது கை தானாக மாற்றி மாட்டிவிடும்.

மார்ச் 6

எவ்வளவு வளைப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். உத்தேசமாக வளைக்காதீர்கள், படத்தில் அளந்து செய்யுங்கள். நிறுத்திவைத்த ஹெலிகாப்டரைத் தரை மட்டத்திலிருந்து பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். அதில் ஒரு பிளேடாவது கேமராவுக்குக் குறுக்காக நீண்டிருக்க வேண்டும். நம்மை நோக்கி வரும் பிளேடை அளந்தால் கணக்கு தப்பிவிடும். ரோட்டரின் நடுவிலிருந்து நுனி வரை படுக்கைவாட்டில் எத்தனை சென்டிமீட்டர், நுனி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, இரண்டையும் எடுங்கள். படத்தில் 10 சென்டிமீட்டருக்கு அரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், உங்கள் 1/48 மாடலில் நடுவிலிருந்து நுனி வரை 15 சென்டிமீட்டர், ஆக ஏழரை மில்லிமீட்டர். 1/72 என்றால் அதுவே 5 மில்லிமீட்டர்.

நான் செய்வது இப்படி. பிளேடின் நுனியைப் பிடித்துக் கையாலேயே மெதுவாக, பலமுறை கீழ்ப்பக்கம் அழுத்துவேன். பிளாஸ்டிக் கொஞ்சம் திரும்பிவரும், மறுபடி அழுத்துவேன். பத்துப் பன்னிரண்டு முறையில் நின்றுவிடும். (ஏப்ரல் 10 குறிப்பைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள்.)

மார்ச் 11

நான் வளைத்ததே தவறு. ஐந்து நாள் பொறுத்து ஒரு நல்ல பக்கவாட்டுப் படத்தை மாடலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நுனியைப் பிடித்து அழுத்தியதில் என் பிளேடுகள் முக்கால் நீளம் நேராகப் போய் நுனிப்பக்கம் மட்டும் வாழைப்பழம் போல் குனிந்திருக்கின்றன. உண்மையில் நடப்பது நேர்மாறு. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டுத் தன் எடையில் தொங்கும் எந்தக் கம்பியானாலும் பிடிமானத்துக்கு அருகில்தான் அதிகம் வளையும். வெளியே உள்ள முழு எடையையும் அந்த இடம்தான் சுமக்கிறது. நுனிக்கு அப்பால் சுமக்க ஒன்றும் இல்லை, அதனால் நுனிப்பகுதி ஏறக்குறைய நேராகவே, ஆனால் சாய்ந்து இருக்கும்.

ஆகவே ரோட்டர் தலையோடு பிளேடைப் பிணைக்கும் தடித்த பகுதியை விட்டுவிடுங்கள், அது விறைப்பானது. அதைத் தாண்டியதும் வளைவு தொடங்கட்டும். முதல் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும். பழையதை நிமிர்த்திவிட்டு மறுபடி வளைத்தேன். வித்தியாசம் வீட்டில் மாடலே கட்டாதவர்களுக்கும் தெரிந்தது. "இப்பதான் கனமா இருக்கு" என்று என் தங்கை சொன்னாள். எனக்கு அந்த ஒரு சொல் போதும். எட்டு டன் எடையோடும் பறக்கக்கூடிய இயந்திரம் 300 கிராம் பிளாஸ்டிக்கில் கனமாகத் தெரிய வேண்டும், மாடல் கட்டுவதில் நான் தேடுவது அதைத்தான்.

மார்ச் 12

கோப்ரா கட்டுபவர் கேட்டது: இரண்டு பிளேடும் ஒரே அளவு தொங்குமா?

சும்மா நிற்கும்போது ஏறக்குறைய ஆமாம். ஆனால் ஏஎச்-1ஜி போன்ற பழைய கோப்ராக்களில் இரண்டு பிளேடும் ஒரே துண்டாக, நடுவில் சீசா பலகை போல ஆடும்படி மாட்டப்பட்டவை. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். காற்றுக்கு ஆடாமல் இருக்கப் பின்பக்கப் பிளேடை வால் பகுதியோடு பட்டையால் கட்டிவைப்பார்கள். அப்போது பின்பிளேடு நன்றாகத் தாழ்ந்து, முன்பிளேடு மூக்குக்கு மேலே தூக்கி நிற்கும். மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை வெட்டி அந்தக் கட்டைச் செய்துவைத்தால் மாடலுக்கு உடனே உயிர் வந்துவிடும்.

எனக்குக் கோப்ரா மேல் தனிப் பிரியம். 1965 செப்டம்பரில் முதலில் பறந்தது, 1967-இல் வியட்நாம் போய்விட்டது. உடல் அகலம் சுமார் 3 அடிதான். 1/48-இல் அது 2 சென்டிமீட்டர்கூட வராது. முன்னால் சுடுபவர், பின்னால் உயரத்தில் விமானி என்று அந்த ஒடுக்கத்துக்குள் இருவரை உட்காரவைத்த அமைப்பைத்தான் பிறகு வந்த தாக்குதல் ஹெலிகாப்டர்கள் பலவும் எடுத்துக்கொண்டன. அப்பாச்சியும் அப்படியே. சரி, இதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

மார்ச் 19

கண்ணாடி.

ஹெலிகாப்டர் மாடலில் பாதி முகம் கேனோபிதான், அதாவது விமானி அறையை மூடும் கண்ணாடி. போர் விமானத்தில் அது சின்னக் குமிழ், இங்கே உடலின் முன்பாதியே கண்ணாடி. அதில் விழும் ஒரு கைரேகையை வேறு எந்த வேலையும் மறைக்காது. இதை நான் கற்றது ஒரு கேனோபியைப் பலிகொடுத்துத்தான். அப்பாச்சியின் கண்ணாடியை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி, நன்றாகப் பிடிக்கட்டும் என்று இரவு முழுக்க டேப் போட்டு மூடிவைத்தேன். காலையில் பிரித்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. அந்தப் பசை காயும்போது எழும் ஆவி மூடிய இடத்துக்குள் போக வழியில்லாமல் கண்ணாடியிலேயே படிந்துவிடுகிறது. என் கைரேகை இருந்த இடத்தில் ரேகை ரேகையாகவே படிந்திருந்தது. உள்ளே கை போகாது, துடைக்கவும் வழியில்லை. மூன்று இரவு உட்கார்ந்து செய்த இருக்கை வார்களும் கருவிப் பலகையும் அந்தப் பனிக்குப் பின்னால் போய்விட்டன. அன்று எனக்கு அழுகை வந்தது உண்மை.

இப்போது கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும்தான். காய்ந்தால் நிறமற்றுப் போகும், தப்பினால் ஈரத்துணியில் துடைத்துவிடலாம். பிடிப்பு குறைவுதான். ஆனால் கேனோபி எந்த எடையையும் தாங்கப்போவதில்லை. ஒட்டும் முன் கண்ணாடித் துண்டைத் தரைக்குப் பளபளப்பு தரும் அக்ரிலிக் திரவத்தில் ஒருமுறை முக்கி எடுப்பேன். சாமணத்தால் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்க வேண்டும், குமிழி வரக்கூடாது. கீழ் முனையில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். அதை மெல்லிய காகிதத்தின் மூலையில் தொட்டால் அதுவாகவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி இரண்டு நாள் தொடாமல் வைக்க வேண்டும், தூசி விழுந்தால் வேலை கெட்டது. காய்ந்த பின் நுண்கீறல்கள் மறைந்து, மெல்லிசாகத் தெரியும். 1/48-இல் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக் கண்ணாடி என்றால் நிஜ அளவில் 5 சென்டிமீட்டர். அந்தத் தடிப்பு கண்ணில் படாமல் இருப்பது முக்கியம்.

மார்ச் 20

கதவைத் திறந்துவைக்க நினைப்பவர்களுக்கு: அப்பாச்சியில் இருவருக்கும் கதவு வலப்பக்கம். கோப்ராவில் விமானிக்கு வலம், சுடுபவருக்கு இடம்.

மார்ச் 27

நேற்றைய கேள்வி நியாயமானது: "விமானி அறைக்குள்ளே எல்லாம் கறுப்பு, மூடினால் தெரியாது, எதற்கு அவ்வளவு வேலை?"

சுத்தக் கறுப்பு அடித்தால் உண்மையிலேயே தெரியாது. அடர்சாம்பல் அடியுங்கள். அதன் மேல் விளிம்புகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிறிய சாம்பலை, பிரஷில் இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்குத் துடைத்துவிட்டு, லேசாக உரசுங்கள். இருக்கை வார்களுக்கு மட்டும் காக்கி. ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது இருட்டுக்குள் உருவங்கள் தெரியும், அவ்வளவு போதும். முழுத் தலைக்கவசத்தோடு ஒரு விமானி உருவத்தை வைத்துவிட்டால் கண் நேராக அங்கே போகும். அவர் தலை திரும்பும் பக்கம் துப்பாக்கியும் திரும்பும்படி இணைக்க முடிவது அப்பாச்சியின் பெருமைகளில் ஒன்று. உருவத்தின் தலையை ஒரு பக்கம் திருப்பி, கீழே துப்பாக்கியையும் அதே பக்கம் திருப்பி வைத்த ஒரு மாடலைப் பார்த்திருக்கிறேன். செய்தவர் ஒன்றும் விளக்கவில்லை. தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஏப்ரல் 2

பெயிண்ட். அமெரிக்க ராணுவ அப்பாச்சியின் பச்சைக்கு, அமெரிக்க நிறத் தரப் பட்டியலில் எஃப்எஸ் 34031 என்று எண். புட்டியில் பார்த்தால் பச்சையா கறுப்பா என்றே சந்தேகம் வரும். அதை அப்படியே அடித்தால் சின்ன மாடலில் கரிக்கட்டி போல் ஆகிவிடும். பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடையிலுள்ள காற்று நிறத்தை வெளிறவைக்கிறது, மாடலை நாம் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கிறோம். அதனால் கொஞ்சம் வெளிறவைத்து அடிக்க வேண்டும். ஐந்துக்கு ஒரு பங்கு வெள்ளை சேர்க்கிறேன்.

ஏப்ரல் 5

வெள்ளை வேண்டாம். காய்ந்த பின் பால் கலந்த மாதிரி, நீலம் தட்டிப்போயிற்று. மணல் நிறம் சேர்த்து மறுபடி அடித்தேன், பச்சை உயிரோடு இருக்கிறது. பங்கையும் குறைத்துவிட்டேன். கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷே அடர் நிறங்களை ஒரு படி வெளிறச் செய்துவிடும், அதைக் கணக்கில் வைக்காமல் விட்டிருந்தேன்.

டெக்கல் (எழுத்தும் சின்னமும் அச்சிட்ட மெல்லிய படலம்) ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிய பின் மேட். சொரசொரப்பான பெயிண்டில் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்தது போல் தெரியும். இந்த ஹெலிகாப்டரில் எழுத்துகள் கறுப்பு, அடியில் இருண்ட பச்சை. வெள்ளி பூத்தால் எழுத்தைவிட அதுதான் முதலில் தெரியும்.

ஏப்ரல் 9

ஒரு பிளேடு உடைந்துவிட்டது. யாரும் தொடவில்லை. அழுக்குக் கோடு விடுவதற்காக ஸ்பிரிட்டில் கரைத்த கரும்பழுப்பு எனாமலைப் பிளேடின் அடிப்பகுதியில் தடவிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அடிப்பகுதியில் மயிரிழைக் கீறல். விரல் பட்டதும் பிளேடு கையோடு வந்துவிட்டது.

ஏப்ரல் 10

காரணம் நான்தான், மார்ச் 6-இல் நான் சொன்ன முறைதான். அதைப் படித்து யாராவது கையால் வளைத்திருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். சூடு காட்டாமல் வளைத்த பிளாஸ்டிக் வளைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இழுவிசையோடு இருக்கிறது. அந்த நிலையில் ஸ்பிரிட் வகைகள் பட்டால், எங்கே இழுவிசை அதிகமோ அங்கே வெடிப்பு விடும். நான் திருத்திய வளைவில் இழுவிசை முழுக்க அடிப்பகுதியில். ஸ்பிரிட் தேங்கியதும் அங்கேதான்.

சரியான வழி வெந்நீர். இந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 டிகிரியில் இளகும். கொதித்து அடங்கிய நீரை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, பிளேடின் அடிப்பகுதியை மட்டும் அரை நிமிடம் வைத்து, வெளியே எடுத்து வளைத்து, அந்த வளைவிலேயே பிடித்தபடி குளிர்ந்த நீரில் காட்டுங்கள். ஒரே முறையில் முழு அளவுக்குப் போகாதீர்கள், மூன்று தவணையாகச் செய்யுங்கள். நான்குக்கும் ஒரே வளைவு வர, அட்டையில் வளைவை வரைந்து வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அதன் மேல் பொருத்திப் பார்க்கிறேன். அழுக்குக் கோட்டுக்கு, பிளேடு அடியில் மட்டும், நீரில் கரையும் பெயிண்ட்.

உடைந்ததை இரு பக்கமும் துளையிட்டு மெல்லிய பித்தளைக் கம்பி சொருகி ஒட்டிவிட்டேன். இப்போது நான்கிலும் அதுதான் உறுதியானது.

ஏப்ரல் 21

வால் ரோட்டர் பற்றி. அப்பாச்சியின் வாலில் நான்கு பிளேடு, ஆனால் கூட்டல் குறி போல் சம இடைவெளியில் இருக்காது. இரண்டு ஜோடிகள் சாய்ந்த எக்ஸ் போல, கத்தரிக்கோல் பாதி திறந்த நிலையில் நிற்கும். ஓசையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. முதல் அப்பாச்சியில் இது அச்சுப் பிழை என்று நினைத்து நான் அறுத்து, சரிக்குச் சரி கோணத்தில் ஒட்டினேன். மிகச் சுத்தமாகச் செய்திருந்தேன் என்பதுதான் இன்னும் வலிக்கிறது. பாகம் விசித்திரமாக இருந்தால் அரத்தை எடுக்கும் முன் ஐந்து படமாவது பாருங்கள்.

மே 4

மி-24 கட்டும் நண்பர், மாடல் ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு சக்கரக் காலை அரத்தால் தேய்க்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறார். தேய்க்காதீர்கள்! நிஜ மி-24 அப்படித்தான் நிற்கும். மிதந்து நிற்கும்போது பக்கவாட்டில் நகர்ந்துபோகாமல் இருக்க ரோட்டரை உடலுக்கு இரண்டரை டிகிரி வலப்பக்கம் சாய்த்து அமைத்திருக்கிறார்கள். தரையில் ரோட்டர் மட்டமாக இருக்கட்டும் என்று கால்களை அதற்கேற்ப வைத்ததில், உடல் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் நன்றாகத் தெரியும். உங்கள் கிட்டில் சாய்வு வலப்பக்கமாக இருந்தால் மட்டும் கால்கள் மாறியிருக்கலாம், அதைப் பாருங்கள்.

"எல்லா மாடலும் மேஜையில் மட்டமாக உட்கார வேண்டும்" என்று நான் முன்பு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த அறிவுரையைத் திரும்பப் பெறுகிறேன்.

மூக்குச் சக்கரம் உள்ள மி-24-க்கு மூக்கில் எடை வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வால் பக்கம் சாய்ந்துவிடும், உடலை மூடிய பின் வழியில்லை. அப்பாச்சிக்கு வாலில் சக்கரம் என்பதால் அந்தக் கவலை கிடையாது.

மே 5

எடை என்றதும் நினைவு வந்தது. கால்கள். நிற்கும் அப்பாச்சியின் கால்களில் உள்ள அதிர்வு தாங்கிகள் எடையில் அமுங்கியிருக்கும். கிட்டில் அவை நீண்டிருந்தால் பறக்கும் நிலையைச் செய்து தரையில் வைத்தது போல் ஆகிவிடும். பளபளக்கும் தண்டுப் பகுதியில் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் வெட்டிக் குறையுங்கள். டயரின் அடியை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் தரையில் பதிந்த மாதிரி தட்டையாகும். இரண்டே இழுப்பு, அதற்கு மேல் போனால் பஞ்சர்.

மூக்கு நுனியில் உள்ள பார்வைக் கருவி உருளையையும் கவனியுங்கள். நிறுத்தும்போது அதன் கண்ணாடிகளைப் பாதுகாப்புக்காக உள்பக்கம் திருப்பிவிடுவார்கள். பிளேடு தொங்க, டயர் பதிந்திருக்க, அது மட்டும் முன்னே வெறித்துப் பார்த்தால் கதை ஒட்டாது.

ஜூன் 15

பறக்கும் நிலையில் வைப்பவர்கள் இதுவரை சொன்னதை அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள். பிளேடுகள் தூக்கும் எடையில் மேல்நோக்கி விரிந்து, ஆழமில்லாத கிண்ணம் போல் ஆகும். கால்கள் முழு நீளம், டயர் உருண்டை, பார்வைக் கருவி முன்னே, உள்ளே இருவர் கட்டாயம்.

ஜூன் 28

முதல் கேள்வி கேட்டவர் புதுப் படம் அனுப்பியிருக்கிறார். மூன்று பிளேடுகள் அருமை, நிஜ எடை தெரிகிறது. இடப்பக்க முன் பிளேடு மட்டும் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. நுனியைத் தொடாதீர்கள். அடிப்பகுதியை மட்டும் இன்னொரு முறை வெந்நீரில் காட்டுங்கள், பத்து விநாடி போதும்.